க/பெ

அந்த அறிவிப்பை நான் முதலில் பார்த்தது எங்கள் கல்லூரி நூலகத்தில். 2023 ஜூன் மாதம், விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரம். நாளிதழில் கண்ணீர் அஞ்சலியும் மனை விற்பனையும் வரும் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம். தலைப்பு 'சுவாதீன அறிவிப்பு'. கடன்தாரர் என்று போட்டு என் அக்கா பெயர். அடமானம் கொடுத்தவரும் ஜாமீன்தாரரும் என்று போட்டு அம்மா பெயர். இன்னொரு ஜாமீன்தாரர் என்று என் பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் க/பெ போட்டு ஓர் ஆணின் பெயர். அந்த மூன்று ஆண்களில் ஒருவர்கூட அந்த வங்கியில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. ஒருவர் கடன் வாங்குவதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துபோனவர், என் அப்பா.

என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' இல்லை. அதற்காக ஒரு நொடி நிம்மதிப்பட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு யாரும் பார்க்காத நேரம் பார்த்து அந்தத் தாளை உருவி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். நூலகப் புத்தகத்தில் பென்சிலால்கூடக் கோடு போடாதே என்று மாணவிகளைத் திட்டுகிறவள் நான்.

அக்கா திருப்பூரில் பவர் டேபிள் வைத்திருந்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கித் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கு அங்கே அதுதான் பெயர். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. 2012இல் நான்கு மெஷின் போட்டு ஆரம்பித்தாள். அதற்கு முன்பு இருபது வருடம் பனியன் கம்பெனிகளில் கை மடிப்பதில் தொடங்கி, ஓவர்லாக், பேட்லாக் என்று எல்லா மெஷினிலும் உட்கார்ந்து எழுந்தவள். பத்தாவதோடு அவள் படிப்பு நின்றது. நான் எம்.ஏ. வரை படித்தது அவளுடைய சனிக்கிழமைச் சம்பளத்தில். இன்றைக்கும் ஒரு புதுச் சட்டையைக் கையில் கொடுத்தால் முதலில் உட்புறத்தைத் திருப்பித் தையலைத்தான் பார்ப்பாள். நிறம், டிசைன் எல்லாம் அப்புறம்.

2018இல் ஒரு கம்பெனி தொடர்ந்து வேலை தருவதாகச் சொல்ல, பதினெட்டு மெஷினாகப் பெருக்குவது என்று முடிவானது. மெஷினுக்குப் பத்து லட்சம், நடைமுறைச் செலவுக்குக் கேஷ் கிரெடிட் பன்னிரண்டு லட்சம். ஈடு, அவிநாசி பக்கம் அம்மா பெயரில் இருந்த வீடு. மாமாவுக்குப் பழைய வண்டிக் கடன் ஒன்றில் சிபில் கெட்டுப்போயிருந்ததால் அவர் ஜாமீன் செல்லாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வேண்டும். "அம்மிணி, ஒரு கையெழுத்துத்தான்" என்றாள் அக்கா.

ஒரு கையெழுத்தில்லை. எண்ணிக்கொண்டே போட்டேன், நாற்பத்திரண்டு. இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருவது கையெழுத்துகளைப் பற்றியல்ல, நாற்காலிகளைப் பற்றி. மேலாளரின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் மாமா, ஒன்றில் அக்கா. அம்மாவும் நானும் பின்னால் இருந்த பெஞ்சில். மேலாளர் வட்டி, தவணை, ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் மாமாவைப் பார்த்தே விளக்கினார். மாமா அப்போது ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். அக்காவின் பட்டறையில் ஆயிரம் பீஸுக்கு எத்தனை கோன் நூல் ஆகும் என்று அவருக்குத் தெரியாது, கேட்டால் அவரே சொல்லுவார். விளக்கம் முடிந்ததும் மேலாளர் தாள்களைத் திருப்பி எங்கள் மூன்று பேர் பக்கம் நகர்த்தினார். பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்த இடங்களில் கையெழுத்து.

அம்மா கையெழுத்துப் போடக் கற்றது தொண்ணூறுகளில், அறிவொளி வகுப்பில். மாரியம்மன் கோவில் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்து நடந்த வகுப்பு. அதுவரை ரேஷன் கடையில் கைநாட்டு. கற்ற பிறகு எங்கள் பள்ளி ரேங்க் கார்டில் அவள்தான் கையெழுத்துப் போடுவாள், அப்பாவை விடமாட்டாள். அப்படிக் கற்ற கையெழுத்தை அவள் அதிகபட்சமாக ஒரே நாளில் போட்டது அந்த வங்கியில்தான். ஒவ்வொன்றையும் நிதானமாக, கடைசி 'ள்' மேல் புள்ளி வைத்து முடித்தாள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

ஜாமீன்தாரர் என்றால் கடன் வாங்கியவர் கட்டாதபோது, அவரிடம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியில் வந்து கேட்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நன்றாகப் படித்த பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு வேறு சொல்கிறது. தனியாக வேறு ஏதும் எழுதிக்கொள்ளாவிட்டால் கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி நேராக என்னிடமே வரலாம். அக்காவின் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு ஒன்றை வருடா வருடம் நடத்துகிறேன். தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு 'கடன்' சொல்லும் பாட்டு. அங்கே கடன் என்றால் கடமை என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். மகளுக்கு அந்தப் பாட்டில் கடன் எதுவும் கிடையாது என்பதை, அறிவிப்பு வந்த அந்த வருடம்தான் கவனித்தேன்.

கடன் எப்படிக் கெட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. தவணைக்கு ஆகஸ்ட் வரை ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அந்த ஆறு மாதத்துக்கான வட்டிமேல் வட்டியை அரசு திருப்பித் தந்தது. அக்காவின் கணக்கில் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்ச் சொச்சம் வந்தது. "ஒரு நாள் டீ, வடைச் செலவு வந்திருச்சு அம்மிணி" என்று போனில் சிரித்தாள். பாக்கியில் இருபது சதவீதம் அவசரக் கடனாகத் தரும் திட்டத்தில் மூன்று லட்சத்து அறுபதாயிரம் கிடைத்தது. உதவிதான், ஆனால் அதுவும் கடன்தான். அடுத்த வருடம் நூல் விலை ஏறியது. 2022 மே மாதம் அதை எதிர்த்து ஊரே இரண்டு நாள் கதவடைத்தது. நூல் வாங்குவது அக்கா இல்லை, கம்பெனிக்காரர்கள். ஆனால் விலை ஏறினால் கம்பெனிக்காரர் ஆர்டரைக் குறைப்பார், எடுத்த ஆர்டருக்கும் கூலியைத் தள்ளிப்போடுவார். அவளுக்குத் தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்ன அதே கம்பெனி நாலே முக்கால் லட்சம் பாக்கி வைத்தது. சனிக்கிழமை சம்பளத்தை மட்டும் அவள் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடவில்லை. அவளிடம் வேலை செய்த இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் பெண்கள்.

இந்த இடத்தில் இரண்டு சட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. 2006ஆம் ஆண்டு வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சட்டத்தின்படி சிறு தொழில்காரரிடம் வேலை வாங்கியவர் அதிகபட்சம் நாற்பத்தைந்து நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. இதை நான் கண்டுபிடித்து அக்காவிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் என்னைப் பாவம்போலப் பார்த்தாள். "புகார் கொடுத்தா காசு வரும். அடுத்த கட்டிங் எவன் குடுப்பான்? ஊர்ல ஒருத்தருகிட்ட சொன்னா எல்லாருக்கும் தெரியும்." கேட்கிற பெண்ணுக்கு 'வம்பு பிடிச்சவ' என்று பெயரும் சேர்ந்து வரும்.

இன்னொரு கணக்கு தொண்ணூறு நாள். தவணையோ வட்டியோ தவறிய நாளிலிருந்து முப்பது, அறுபது, தொண்ணூறு என்று வங்கியின் கம்ப்யூட்டர் எண்ணுகிறது. தொண்ணூறைத் தாண்டினால் வாராக்கடன். அதற்கு யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அக்காவுக்கு வரவேண்டிய பணத்தின் நாற்பத்தைந்து நாள் ஒரு வருடத்தைத் தாண்டிக் கிடந்தது. அவள் தரவேண்டிய பணத்தின் தொண்ணூறு நாள், 2023 ஜனவரியில் ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சரியாக முடிந்தது.

அந்தத் தொண்ணூறு நாளுக்குள் போய்க் கேட்டிருந்தால் வேறு வழி இருந்தது. நலிந்த சிறு தொழில்களை மீட்க வங்கிகள் ஒரு குழு வைத்துப் பரிசீலிக்க வேண்டும், தவணையை மாற்றியமைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சிலேயே சொல்லியிருக்கிறது. தொழில் நடத்துகிறவரே விண்ணப்பிக்கலாம். வங்கியில் யாரும் அதை அக்காவிடம் சொல்லவில்லை. இந்த விதிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும், ஆனால் கணக்கு வாராக்கடன் ஆகும் முன்பே கடன் வாங்கியவரும் முன்வந்து கேட்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் கணக்கு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அந்த மூன்று மாதத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஒத்துக்கொண்டேன், எழுதும்போது எப்படி மழுப்பலாம் என்று கை தேடுகிறது. பதினான்கு அழைப்புகள். முதல் இரண்டு, நான் வகுப்பில் இருந்தேன். மற்றவை வரும்போது போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பணம் கேட்பாள் என்று பயம். என் மகள் பொறியியல் கல்லூரியில் சேரவேண்டிய வருடம், அதற்கு நான் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்னொன்று, ஜாமீன் போட்டதை என் கணவரிடம் சொல்லியிருக்கவில்லை. பிறகு அக்கா சொன்னாள்: "காசு கேக்கல அம்மிணி. இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வந்துச்சு, படிச்சுச் சொல்லுவேன்னுதான் கூப்பிட்டேன்." தவணை தவறிய கணக்கைச் சரிசெய்யச் சொல்லி வங்கி அனுப்பிய கடிதம் அது. அவள் சம்பளத்தில் ஆங்கிலம் படித்தவள் நான்.

மகளின் கடன் விண்ணப்பம் என் சிபிலைப் பார்த்து நிராகரிக்கப்பட்டபோது கணவருக்குத் தெரிந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல" என்றார். கேட்டிருக்கலாம். தன் நண்பரின் மருந்துக்கடைக்கு அவர் ஜாமீன் போட்டது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும் என்பதை அன்றைக்கு நான் நினைவுபடுத்தவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

வசூலுக்கு வந்தவர்கள் அம்மாவின் வீட்டுக்குத்தான் போனார்கள். அம்மா தனியாக இருந்தாள். தெருவில் நின்றபடியே, நாலு வீடு கேட்கிற மாதிரி, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "கையெழுத்துப் போட்டது நாந்தானுங், எங்கிட்டயே பேசுங்க" என்றிருக்கிறாள் அம்மா. அவர்கள் அவளிடம் பேசவில்லை. மாமாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். மாமாதான் பாவம், ராத்திரி பத்து மணிக்கெல்லாம் போன் வரும். காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கடன் தரும்போது அவரிடம் விளக்கிய வங்கி, கடன் கெட்டபோதும் அவரிடமே போனது. நடுவில் ஐந்து வருடம் மெஷினை ஓட்டியவள் யார் கண்ணிலும் படவில்லை.

மார்ச்சில் பதிவுத் தபாலில் அறுபது நாள் நோட்டீஸ் வந்தது. சர்ஃபாசி என்று சுருக்கிச் சொல்கிற 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(2) பிரிவு. பாக்கி 17 லட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம். இந்தச் சட்டத்தில் வீட்டைக் கைப்பற்ற வங்கி முதலில் நீதிமன்றத்துக்குப் போகவேண்டியதில்லை. போகவேண்டியது நாம்தான், நமக்கு ஆட்சேபம் இருந்தால். அறுபது நாள் முடிந்து ஜூன் மாதம் வந்து கதவுக்குப் பக்கத்தில் அறிவிப்பை ஒட்டினார்கள். ஒட்டியதற்கு அத்தாட்சியாகப் போட்டோ எடுத்தார்கள். பிறகு நாளிதழில் வந்தது. நாலு பக்க எல்லையும் போட்டிருந்தது: வடக்கில் கிழமேல் பாதை, தெற்கில் இன்னாருடைய வீடு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் அச்சில் வந்துவிட்டதில் அவருக்கு வருத்தம்.

இதற்குக் குறியீட்டுச் சுவாதீனம் என்று பெயராம். வீட்டுக்குள் இருக்கலாம், ஆனால் விற்கவோ வேறு எதுவும் செய்யவோ முடியாது. குறியீடு பற்றி இருபது வருடமாக வகுப்பெடுக்கிறேன்.

அறிவிப்பை ஒட்ட வந்தவர்களில் கிளையின் புது மேலாளரும் இருந்தார். பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். சொந்த ஊர் தெற்கே. கணவரும் குழந்தையும் அங்கே, இவர் இங்கே மகளிர் விடுதியில். ஒட்டி முடிந்ததும் அம்மாவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அம்மா மோரே கொடுத்தாள். அவரைப் பற்றி எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கிளையில் அக்காவும் நானும் போய் நின்றபோது கண்டிப்பாகத்தான் பேசினார். "மேடம், எனக்கும் மார்ச் 31 வரும். மண்டல அலுவலகத்தில் என்னை நிற்கவைத்துக் கேட்பார்கள்." ஆனால் அந்த மேசைக்கு முன்னால் முதல்முறையாக ஒருவர் அக்காவைப் பார்த்துப் பேசினார். எத்தனை மெஷின், என்ன கம்பெனி மெஷின், இப்போது விற்றால் என்ன போகும் என்று கேட்டார். அக்கா மடமடவென்று சொன்னாள். நாங்கள் கிளம்பும்போது வெளியே வாகனம் நிறுத்தும் இடம்வரை வந்து, ஒரே தவணையில் தீர்க்கும் திட்டத்துக்கு எழுதிக் கொடுங்கள், மெஷினை நீங்களாக விற்றுவிடாதீர்கள், அதுவும் ஈட்டில் இருக்கிறது, முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள் என்றார். உள்ளே வைத்துச் சொல்லாததை வெளியே வந்து சொன்னார். அதற்கு நன்றி. ஆறு மாதம் முன்பு யாராவது உள்ளே வைத்தே சொல்லியிருக்கலாம் என்பதும் இருக்கிறது.

இழுபறிக்குப் பிறகு பதினாலரை லட்சத்துக்கு முடிந்தது. மெஷின்கள் மூன்று லட்சத்து இருபதாயிரம், வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அக்காவின் நகை நாலு லட்சத்துப் பத்தாயிரம். என் நகை இரண்டு லட்சத்து இருபதாயிரம். மீதி ஐந்து லட்சம், நான் எங்கள் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் வாங்கியது. மாதம் பிடித்தம் போய்க்கொண்டிருக்கிறது. கம்பெனியின் நாலே முக்கால் லட்சம் இன்றுவரை வரவில்லை. மெஷின்களை ஏற்றிப்போன அன்று அக்கா அழுவாள் என்று நினைத்துத்தான் விடுப்புப் போட்டுப் போனேன். அவள் ஒவ்வொரு மெஷினுக்கும் எண்ணெய் விட்டு, துடைத்து, நூல் மாட்டி ஓட்டிக் காட்டி அனுப்பினாள். "வாங்கறவ நம்மளத் திட்டக்கூடாது." இப்போது வேறொருவர் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். அவள் சிபிலில் 'தீர்த்துக்கொள்ளப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறது. முழுதாகக் கட்டி முடித்ததற்கு அது சமமில்லை. இன்னொரு கடன் எளிதில் கிடைக்காது.

2024 ஏப்ரலில் பத்திரம் வாங்கப் போனோம். கடன் முடிந்தால் முப்பது நாளில் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ஐயாயிரம் என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சட்டம் எங்கள் பக்கம் வேகமாக ஓடியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பெற்றுக்கொண்டதற்கு அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. போட்ட கையெழுத்தைக் கவுன்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "மேட்ச் ஆகல பாட்டி. கைநாட்டு வெச்சிருங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினான். நல்ல பையன்தான், எரிச்சல் இல்லாமல்தான் சொன்னான்.

அம்மா மைப்பெட்டியை மூடி அவன் பக்கமே தள்ளினாள். "வேற தாள் குடு சாமி" என்றாள்.

இரண்டாவதும் சேரவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மூன்றாவது தாளை அம்மா மேசையில் நேராக வைத்து, முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.